சேப்பாக்கத்தில் எழுந்து நின்றவர்கள்

2020 செப்டம்பர் 24 அன்று ஆஸ்திரேலிய ஆட்டக்காரர் டீன் ஜோன்ஸ் மும்பையில் காலமானார் என்ற செய்தியைக் கேட்டதும் எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது பக்கிங்காம் கால்வாயின் வாடை. சேப்பாக்கம் மைதானத்தை ஒட்டிப் போகும் கால்வாய் அது. அதற்கு 34 ஆண்டுகளுக்கு முன், ஒரு செப்டம்பரில், அந்த வாடைக்கும் வெயிலுக்கும் நடுவே எட்டு மணி நேரத்துக்கு மேல் நின்று 210 ரன் எடுத்தவர் ஜோன்ஸ். அவருக்கு அது மூன்றாவது டெஸ்ட்தான். வாந்தி எடுத்துக்கொண்டே ஆடினார், கால் நரம்பெல்லாம் இழுத்துப் பிடித்தது. முடியவில்லை, போய்விடுகிறேன் என்றாராம். எதிர்முனையில் இருந்த கேப்டன் ஆலன் பார்டர், சரி போ, உரமான குயின்ஸ்லாந்துக்காரன் ஒருவனை வரச்சொல்கிறேன் என்று சீண்டினாராம். விக்டோரியாக்காரரான ஜோன்ஸ் போகவில்லை. ஆட்டமிழந்த பிறகு ஆஸ்பத்திரியில் சேர்த்து சலைன் ஏற்றினார்கள்.

அந்த ஆட்டத்தை நான் வானொலியில்தான் கேட்டேன். கடைசி நாள் திங்கட்கிழமை. இந்தியாவுக்கு இலக்கு 348. கவாஸ்கர் 90 அடித்துவிட்டுப் போயிருந்தார். கடைசி ஓவருக்கு நாலு ரன் வேண்டும், கையில் ஒரே விக்கெட். வீசியவர் கிரெக் மேத்யூஸ், அந்தப் புழுக்கத்திலும் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு பந்து போட்ட மனிதர். ரவி சாஸ்திரி இரண்டு ஓடினார், அடுத்த பந்தில் ஒன்று. ஸ்கோர் சமம். ஐந்தாவது பந்தில் மணிந்தர் சிங் எல்பிடபிள்யூ. மட்டையில் பட்டது என்றுதான் மணிந்தர் பின்னாளிலும் சொல்லிவந்தார். விரலை உயர்த்திய விக்ரம்ராஜு அதன் பிறகு எந்த டெஸ்ட்டிலும் நடுவராக நிற்கவில்லை. டெஸ்ட் வரலாற்றில் 'டை' ஆனவை இன்றுவரை இரண்டே ஆட்டங்கள், 1960இல் பிரிஸ்பேன், 1986இல் சேப்பாக்கம். எங்கள் தெருவில் அன்று சாயங்காலம் எல்லாரும் கேட்டது ஒரே கேள்வி: "அப்ப யாருப்பா ஜெயிச்சது?"

கால்வாய்க்கு அந்தப் பக்கம், கடற்கரையைப் பார்த்தபடி இருக்கிறது ஆற்காட்டு நவாபின் அரண்மனை. 1768இல் முகமது அலி வாலாஜாவுக்காகக் கட்டியது. மைதானத்துக்குப் போகும் வாலாஜா சாலையில் அவர் பெயர் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. 1855இல் கடைசி நவாப் வாரிசில்லாமல் இறந்ததும் கம்பெனி பட்டத்தை ரத்து செய்தது, அரண்மனை ஏலத்துக்கு வந்தது, அரசாங்கமே எடுத்துக்கொண்டது. பத்தாண்டு போவதற்குள் அதே வட்டாரத்தில் வெள்ளைக்காரர்களின் மெட்ராஸ் கிரிக்கெட் கிளப் ஆட வந்துவிட்டது. 2012 பொங்கலுக்கு மறுநாள் அரண்மனையின் ஒரு பகுதியான கலஸ் மஹால் தீப்பிடித்து எரிந்தது. பிறகு பழைய முறைப்படி சுண்ணாம்புச் சாந்து பூசி மீட்டெடுத்தார்கள். ஆட்டம் பார்க்கப் போகிறவர்களில் எத்தனை பேர் அரண்மனையின் செங்கல் கோபுரத்தைத் திரும்பிப் பார்ப்பார்கள் தெரியவில்லை. நான் பார்ப்பேன். பறிபோன ஒரு ராஜ்ஜியத்தின் தோட்டத்தில் உட்கார்ந்துதான் நாம் கைதட்டுகிறோம் என்ற எண்ணம் எனக்கு வந்துகொண்டே இருக்கும்.

1934 இந்த மைதானத்துக்குப் பெரிய வருஷம். பிப்ரவரியில் ஜார்டினின் இங்கிலாந்து அணி வந்து ஆடியது சென்னையின் முதல் டெஸ்ட். நவம்பர் 4ஆம் தேதி ரஞ்சிக் கோப்பையின் முதல் ஆட்டம், சென்னைக்கும் மைசூருக்கும். ராம் சிங் 11 விக்கெட் எடுத்தார், ஒரே நாளில் ஆட்டம் முடிந்துபோனது. அந்தக் கோப்பையின் முதல் பந்தை வீசியவர் எம்.ஜே. கோபாலன்.

கோபாலனைப் பற்றி நினைத்தால் எனக்கு மனசு கனத்துவிடும். ஹாக்கியிலும் இந்தியாவுக்கு ஆடியவர் அவர். 1936இல் இரண்டு அழைப்பும் ஒரே நேரத்தில் வந்தன: ஒரு பக்கம் பெர்லின் ஒலிம்பிக், மறுபக்கம் இங்கிலாந்துக்குப் போகும் கிரிக்கெட் அணி. கிரிக்கெட்டைத் தேர்ந்தெடுத்தார். அங்கே போய் ஒரு டெஸ்ட்டில்கூட அவருக்கு இடம் கிடைக்கவில்லை. தியான்சந்தின் அணியோ பெர்லினில் தங்கம் வென்றது. அவர் ஆடிய டெஸ்ட் வாழ்நாளில் ஒன்றே ஒன்று. ஆனாலும் சென்னைக்கும் இலங்கைக்கும் நடந்த வருடாந்தர ஆட்டத்துக்கு அவர் பெயரைத்தான் வைத்தார்கள். கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் பழைய ரசிகர்களுக்கு கோபாலன் கோப்பை என்றால் தெரியும். இலங்கை டெஸ்ட் அந்தஸ்துக்காகக் காத்திருந்த காலத்தில் அது சின்ன விஷயமில்லை.

1952இல் இதே புல்தரையில் இந்தியா முதன்முதலாக ஒரு டெஸ்ட்டை வென்றது. வினூ மன்கட் இரண்டு இன்னிங்ஸிலும் சேர்த்து 12 விக்கெட். ஆட்டம் தொடங்கிய நாளில்தான் லண்டனில் ஆறாம் ஜார்ஜ் மன்னர் இறந்தார், மறுநாள் விளையாடவில்லை. ஆனால் சேப்பாக்கத்தின் பெரியவர்கள் வெற்றியைவிட விஸ்வநாத்தின் 97 பற்றித்தான் அதிகம் பேசிக் கேட்டிருக்கிறேன். 1975 பொங்கல் டெஸ்ட். மேற்கிந்தியத் தீவுகளின் ஆண்டி ராபர்ட்ஸ் ஏழு பேரைச் சாய்க்க, இந்தியா மொத்தம் 190, அதில் பாதிக்கு மேல் அந்தச் சின்ன உருவத்தின் மட்டையிலிருந்து. கடைசி ஆள் அவுட்டாக, சதத்துக்கு மூன்று ரன் குறைவாக அவர் மட்டும் நின்றுகொண்டிருந்தார். அந்த மூன்று ரன்னுக்காக யாரும் வருத்தப்பட்டு நான் கேட்டதில்லை. அவர் ஸ்கொயர் கட் ஆடியதைக் கையாலேயே காற்றில் வரைந்து காட்டுவார்கள்.

நான் நேரில் பார்த்தது 1999. பாகிஸ்தான் வந்திருந்தது, ஒன்பது ஆண்டுக்குப் பிறகு இரு நாடுகளுக்கும் நடந்த முதல் டெஸ்ட். இலக்கு 271. 82க்கு ஐந்து விக்கெட் போனபிறகு சச்சினும் நயன் மோங்கியாவும் தூக்கி நிறுத்தினார்கள். முதுகு வலியில் சச்சின் நெளிவது கேலரியிலிருந்தே தெரிந்தது. 136இல் அவர் அவுட்டானபோது வேண்டியது 17 ரன். வந்தது நாலு. 12 ரன்னில் தோல்வி. என் பக்கத்தில் இருந்தவர் தலையைக் கையில் தாங்கி உட்கார்ந்திருந்தார். பிறகு எங்கோ ஒரு மூலையில் கைதட்டல் கேட்டது. அவரும் எழுந்தார், நானும் எழுந்தேன். வாசிம் அக்ரமின் ஆட்கள் மைதானத்தைச் சுற்றி ஓடிவந்தார்கள், அரங்கம் முழுக்க நின்றுகொண்டு தட்டியது. அழுதுகொண்டே தட்டியவர்களை நான் பார்த்தேன்.

சச்சினுக்கு அதே இடத்தில் ஒரு கணக்கு தீர்ந்தது, 2008 டிசம்பரில். மும்பைத் தாக்குதல் முடிந்து மூன்று வாரம்கூட ஆகவில்லை. இங்கிலாந்து திரும்பிவந்து ஆடியது, இலக்கு 387, அவர் 103 எடுத்து ஆட்டமிழக்காமல் முடித்தார். அந்த வெற்றியை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் சேப்பாக்கத்தின் ஆகப் பெரிய நாள் எது என்று கேட்டால் 1999இல் தோற்ற அந்த ஞாயிற்றுக்கிழமையைத்தான் சொல்வேன். அன்று எழுந்து நிற்க யாரும் யாருக்கும் சொல்லித்தரவில்லை. ஆனால் விஸ்வநாத்தின் ஸ்கொயர் கட்டைக் காற்றில் வரைந்து காட்டிய பெரியவர்களும், ஜோன்ஸ் துவண்டு துவண்டு ஓடியதைப் பார்த்துக்கொண்டிருந்தவர்களும் அந்தக் கூட்டத்தில் இருந்தார்கள். எதிரணிக்காரன் நம் வெயிலில் செத்துப் பிழைத்து அடித்த ரன்னையும் ரன்னாகவே எண்ணத் தெரிந்தவர்கள்.

அனுமதிச் சிக்கலால் ஐ, ஜே, கே ஸ்டாண்டுகள் பல வருஷம் பூட்டிக்கிடந்தன. விவரமான ரசிகர்கள் உட்கார்ந்த இடம் என்று பெயர் வாங்கிய பகுதி அது. அது திறந்தபின், 2023 மார்ச்சில் நடந்த ஆஸ்திரேலிய ஒருநாள் ஆட்டத்துக்கு அக்கா மகனைக் கூட்டிப்போனேன். ஆடம் ஜாம்பா நாலு விக்கெட் எடுத்தார், இந்தியா 21 ரன்னில் தோற்றது. ஜாம்பாவின் ஒரு விக்கெட்டுக்கு முன்வரிசைப் பெரியவர் ஒருவர் விடாமல் கைதட்டினார்.

"மாமா, அவுட்டானது நம்மாளு. இவர் எதுக்குத் தட்டுறார்?"

"அடுத்த ஓவர்ல அவன் மணிக்கட்டைப் பாரு, சொல்றேன்."

பையன் அதன்பிறகு செல்போனைத் தொடவில்லை.