யார் முறை இது?

டப்ளினில் இறங்கிய நான்கு நண்பர்களில் ஒருவருக்குக் குடிப்பழக்கம் இல்லை. பகலில் பிரச்சினையில்லை. டிரினிட்டி கல்லூரியில் கன்றுத்தோலில் எழுதப்பட்ட சுமார் 1,200 ஆண்டுப் பழைமையான கெல்ஸ் சுவடியைப் பார்த்தார்கள். 1816இல் கட்டிய ஹேப்பென்னி பாலத்தில் லிஃபி நதியைக் கடந்தார்கள். 1759இல் ஆர்தர் கின்னஸ் 9,000 ஆண்டுக் குத்தகைக்கு எடுத்த பீர் ஆலையையும் விட்டுவைக்கவில்லை.

சிக்கல் மாலையில்தான். அயர்லாந்து பப்களில் தன் கோப்பைக்கு மட்டும் காசு கொடுப்பது கஞ்சத்தனம். ஆளுக்கொரு முறை எல்லோருக்குமாக வாங்க வேண்டும். 'ரவுண்டு' என்று பெயர். ஆரஞ்சு ஜூஸ்காரர் மூன்று கின்னஸுக்குப் பணம் தருவதா? அவர் கணக்குப் பார்த்து ஒதுங்க, மற்றவர்கள் முகம் சுளிக்க, பத்தாண்டு நட்பு ஆட்டம் கண்டது.

மறுநாள் முதல் ரவுண்டை அவரே வாங்கினார். மூவரும் பதிலுக்கு வாங்கிய ஜூஸை அவரால்தான் குடித்து முடிக்க முடியவில்லை. பிடில் இசையைக் கடைசிவரை நிதானமாக ரசித்தவரும், மூவரையும் விடுதி சேர்த்தவரும் அவர்தான்.