பொன்னூசி

தாடையை ஒரு தாங்கியில் பொருத்தி, ஒரு கண்ணை மறைத்துக்கொண்டு, வெண்ணிறக் கிண்ணம் போன்ற பரப்பில் எங்கேனும் ஒளிப்புள்ளி தென்பட்டால் பொத்தானை அழுத்த வேண்டும். பார்வைப் பரப்பை அளக்கும் அச்சோதனையில், புள்ளி எதுவும் தோன்றாமல் கழியும் விநாடிகள் கொடியவை. விடைத்தாள்கள் திருத்தும் பருவமொன்றில், என் 44ஆம் வயதில், எனக்குக் கண் நீர் அழுத்த நோய் இருப்பது தெரியவந்தது. பார்வை நரம்பு இழந்தது மீளாது, எஞ்சியதைக் காக்க இரவுதோறும் சொட்டு மருந்து விடவேண்டும் என்றார் மருத்துவர்.

அந்நாட்களில் தாங் காலத்துச் சீனக் கவிஞர் பை ஜுயியை (772-846) ஆங்கில வழியாக வாசித்துக்கொண்டிருந்தேன். 815இல் நண்பர் யுவான் ஜென்னுக்கு எழுதிய நெடுங்கடிதத்தில், இளமையில் ஓய்வின்றிப் படித்ததன் விளைவாகத் தம் கண்களுக்குள் ஈக்கள் பறப்பதுபோல் புள்ளிகள் அலைவதாக அவர் குறிப்பிடுகிறார். சீனக் கணக்கின்படி அப்போது அவருக்கும் வயது 44. அவ்வரிகளை நான் எப்படி வாசித்திருப்பேன் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

பிற்காலக் கவிதையொன்றில் நாகார்ஜுனர் பெயரால் வழங்கிய கண் மருத்துவ நூலையும், 'ஜுயேமிங்' மாத்திரைகளையும் பை ஜுயி பேசுகிறார். நம்மூர்ப் பாதையோரங்களில் மண்டிக்கிடக்கும் தகரையின் இனத்தைச் சேர்ந்த செடியின் விதை அது. இவற்றால் பயனில்லை என்று கண்ட பின் அவர் மனம் நாடுவது பொன்னூசியை. கண்ணுக்குள் ஊசியைச் செலுத்தி, புரை படர்ந்த வில்லையைப் பார்வையின் பாதையிலிருந்து தள்ளிவிடும் முறை அது. சுஸ்ருத சம்ஹிதையில் விவரிக்கப்பட்ட அச்சிகிச்சை, பௌத்தத்தின் வழியே சீனம் சேர்ந்தது. பை ஜுயியின் நண்பரும் அவர் பிறந்த ஆண்டிலேயே பிறந்தவருமான லியு யூஷி, கண் மருத்துவரான இந்தியத் துறவி ஒருவருக்குக் கவிதையே எழுதியிருக்கிறார். 1975இல் மாவோவின் கண்புரைக்குத் தாங் யோவ்ஜி என்ற மருத்துவர் செய்ததும் அம்முறையின் திருத்திய வடிவம்தான்.

துறை நண்பர் ஒருவர், "சார், ஊசியிலேயே சரியாகிவிடும்" என்று ஓர் அக்குபங்சர் நிலையத்துக்கு அழைத்துச் சென்றபோது, என் மனத்தில் இருந்தது இந்தப் பொன்னூசிதான். இரண்டும் வேறு என்பது எனக்குத் தெரியும். அக்குபங்சர் ஊசி கண்ணுக்குள் நுழைவதில்லை. கண்ணின் உள்மூலையில் உள்ள புள்ளிக்கு ஜிங்மிங் என்று பெயர். விழியின் தெளிவு என்று பொருள். கணுக்காலுக்குச் சற்று மேலே, காலின் வெளிப்புறத்தில் குவாங்மிங், அதாவது ஒளி. கண்ணுக்கு உரிய உறுப்பு கல்லீரல் என்பது சீன மருத்துவத்தின் பழைய கொள்கை. பெயர்களே பாதி நோயைத் தீர்த்துவிடும் போலிருந்தன. இலக்கியம் படித்தவனுக்கு உருவகத்தைவிட ஆபத்தான மருந்து வேறில்லை.

ஊசிகள் வலிக்கவில்லை. நன்றாக உறங்கினேன். கண்கள் குளிர்ந்ததாக உணர்ந்தேன். சொட்டு மருந்து உடலுக்கு நஞ்சு, அதை நிறுத்திவிடலாம் என்று அங்கே சொன்னார்கள். நிறுத்தினேன். வீட்டில் மனைவியிடம் சொல்லவில்லை. மூன்று மாதம் கழித்துச் சோதித்தபோது, 17ஆக இருந்த கண் அழுத்தம் 28ஆகியிருந்தது. வலக்கண்ணின் பார்வை வரைபடத்தில், மூக்கின் பக்கமாகப் புதிதாக ஒரு கரும்பட்டை. அந்த மூன்று மாதமும் நான் நலமாகவே உணர்ந்திருந்தேன். இந்நோயின் இயல்பே அதுதான். அது தொடக்கத்தில் வலியையோ மங்கலையோ தருவதில்லை. ஓரங்களிலிருந்து ஓசையின்றி எடுத்துக்கொண்டு போகிறது.

முன்பே செய்திருக்க வேண்டியதைப் பின்னர் செய்தேன். ஆய்வுகளைத் தேடிப் படித்தேன். 2010இல் வெளியான ஆய்வொன்றில், சோம்பல் கண் கொண்ட 7 முதல் 12 வயதுவரையிலான 88 சிறுவர்களில், நல்ல கண்ணை மறைத்துக் கட்டும் சிகிச்சைக்கு ஏறத்தாழ ஈடான பலனை அக்குபங்சர் அளித்திருக்கிறது. எல்லாச் சிறுவர்களும் கண்ணாடியும் அணிந்திருந்தனர். கண் நீர் அழுத்த நோயைப் பற்றி 2007 முதல் திருத்தப்பட்டுவரும் காக்ரேன் மதிப்பாய்வோ, பயன் உண்டு என்று முடிவுகட்டச் சான்று போதாது என்கிறது. ஆகவே அம்மருத்துவத்தை இகழ எனக்கு மனமில்லை. ஆனால் ஊசி தந்த இதத்தை ஊசி தந்த குணம் என்று நான் படித்துக்கொண்டேன். பிழையான வாசிப்பு அது. வகுப்பில் மாணவன் செய்தால் சிவப்பு மையால் கோடிட்டிருப்பேன்.

பை ஜுயியை இப்போது வேறு விதமாக வாசிக்கிறேன். நூலும் மாத்திரையும் கைவசம் இருந்தும், அவை பயன்தரவில்லை என்று தன்னிடமே ஒப்புக்கொள்ளும் நேர்மை அவருக்கு இருந்தது. நம்பிக்கையை அவர் கைவிடவில்லை. அதை மருந்தென்று எண்ணிக்கொள்ளவும் இல்லை.

இரவு ஒன்பது மணிக்கு மனைவி அழைக்கிறாள். தலையைப் பின்னே சாய்த்துக்கொள்கிறேன். சொட்டு சற்று எரிகிறது. மறுநாள் திருத்தவேண்டிய கட்டு மேசைமேல் காத்திருக்கிறது.