மோடம் ஏற்காத ஓசை

கருவி கெட்டுவிட்டது என்று தீர்ப்புக் கூறுவது எளிது. எவ்விடத்தில் கெட்டது என்று ஆராய்வதே அரிது. அரபு இலக்கணம் கற்பிக்கும் நாம், மாணவன் ஒரு வாக்கியத்தைப் பிழைபடப் படித்தால், சொற்களை ஒவ்வொன்றாக நிறுத்தி, எச்சொல்லின் ஈற்றில் குறி பிறழ்ந்தது என்று பார்க்கிறோம். கணிப்பொறிக்கும் அம்முறை பொருந்துவதை 2002ஆம் ஆண்டில் கண்டோம்.

அப்போது நாம் இராஜபாளையத்தில், அய்யனார் கோவிலுக்குச் செல்லும் சாலைப் பக்கம் குடியிருந்தோம். ரியாதிலிருந்த நம் மகன் மின்னஞ்சலில்தான் எழுதுவான். அயல்நாட்டுத் தொலைபேசிக் கட்டணம் எமக்குக் கட்டுப்படியாகாது. விதேஷ் சஞ்சார் நிகம் 1995 ஆகஸ்ட் 15இல் பொதுமக்களுக்கு இணையத்தைத் திறந்துவிட்ட நாள்முதல், வீடுகளுக்குத் தொலைபேசிக் கம்பியே அதன் வழி. நாம் வாங்கிய பழைய கணிப்பொறியில் மோடம் உள்ளேயே அட்டையாகச் செருகப்பட்டிருந்தது. அதுவோ ஒவ்வொரு முறையும் ‘டயல் டோன் இல்லை’ என்று அறிவித்து நின்றுவிடும். பழுது பார்க்க வந்தவர், “அட்டை எரிந்துவிட்டது, புதிது போடவேண்டும்” என்றார். மலையடிவாரத்தில் ஐப்பசி இடி கம்பி வழியே புகுந்து மோடத்தைக் கருக்குவது நடக்கக்கூடியதே. ஆயினும், சோதியாமல் பணம் கொடுக்க மனம் ஒப்பவில்லை.

வெளியிலிருந்து உள்நோக்கிச் சென்றோம். கம்பியைத் தொலைபேசியில் மாட்டினோம். ஓசை தெளிவாகக் கேட்டது. அட்டையிலிருந்த இரு துளைகளுள் ‘லைன்’ என்பதிலேயே கம்பி இருந்தது. மின்சாரத்தைத் துண்டித்து, அட்டையைக் கழற்றித் துடைத்து மீண்டும் அழுத்திச் செருகினோம். விண்டோஸ் 98இன் கண்ட்ரோல் பேனல் வழியாகச் சோதித்தபோது, கணிப்பொறியின் கட்டளைகளுக்கு மோடம் விடையளித்தது. கம்பியைத் தொடும் பகுதி மட்டும் கருகியிருக்குமோ என்ற ஐயமே எஞ்சியது.

அமெரிக்காவின் டயல் டோன் 350, 440 ஹெர்ட்ஸ் ஓசைகளின் சேர்க்கை. இந்தியாவினதோ, 25 ஹெர்ட்ஸால் ஏற்றி இறக்கப்படும் 400 ஹெர்ட்ஸ் ஓசை. அயல்நாட்டு முறைக்கு அமைந்த மோடம் நம்மூர் ஓசையைக் கேட்டும் அதனை டயல் டோனாக ஏற்காதிருக்கலாம் அல்லவா? மோடத்தின் அமைப்புப் பக்கத்தில் ‘டயல் டோனுக்காகக் காத்திரு’ என்பதற்கு எதிரே இருந்த குறியை நீக்கினோம். ‘எக்ஸ்3’ என்னும் கட்டளையும் இதனையே செய்யும். மோடம் எண்ணைச் சுழற்றியது, கரகரத்தது, இணைந்தது. எட்டு நாள் கடிதங்கள் ஒருங்கே வந்தன. அவற்றுள் ஒன்று, தாயின் உடல்நலம் கேட்டும் பதில் வராமையால் கலங்கி எழுதப்பட்டது. அன்றிரவே பதில் விடுத்தோம்.

இன்று அத்தகைய மோடங்கள் பழம்பொருள்களாகிவிட்டன. ஆனால் அவ்வட்டை தந்த பாடம் பழையதாகவில்லை. ‘இல்லை’ என்று அது கூறியதற்கு, ‘எனக்குப் பழகிய ஓசை இல்லை’ என்பதே பொருள். நம் இல்லங்களில் பிள்ளைகள் தம் காலத்து நடையில் பேசும்போது, “இவர்களிடம் மரியாதை இல்லை” எனத் தீர்ப்புரைக்கும் பெரியோர் இதனைச் சற்றே எண்ணிப் பார்ப்பார்களாக.