கழற்றுவது சின்ன வேலை

அரியாங்குப்பத்தில் ரேடியேட்டர் வேலைக்குப் பஞ்சமே வராது. கிழக்கே வீராம்பட்டினம் கடல். அந்தக் காற்றில் வரும் உப்பு ரேடியேட்டரை வெளியிலிருந்து தின்கிறது. வண்டி சூடானால் நம் ஆட்கள் அவசரத்துக்கு ஊற்றும் போர் தண்ணீரின் உப்பு உள்ளேயிருந்து தின்கிறது. இரண்டு பக்கமும் அடி வாங்கினால் எந்த உலோகம் தாங்கும்? நான் வேலை பழகிய பட்டறை கடலூர் சாலையை ஒட்டி இருந்தது. காரும் வரும், மீன் ஏற்றும் மினி வேனும் வரும், பாகூர்ப் பக்கத்திலிருந்து டிராக்டரும் வரும்.

ஐடிஐயில் மோட்டார் வண்டி மெக்கானிக் பிரிவு இரண்டு வருடப் படிப்பு. முடித்துவிட்டுத்தான் பட்டறைக்குப் போனேன். இன்ஜின் சூட்டைத் தண்ணீர் எடுத்துக்கொள்ளும், வாட்டர் பம்ப் அதைச் சுற்ற விடும், எண்பது டிகிரியைத் தாண்டிய பிறகு தெர்மோஸ்டாட் வால்வ் திறக்கும், ரேடியேட்டரில் காற்றுப் பட்டு ஆறிய தண்ணீர் மறுபடி இன்ஜினுக்குப் போகும். இவ்வளவும் படம் போட்டு பாகம் குறித்து எழுதத் தெரியும். மேஸ்திரி அதையெல்லாம் கேட்டுவிட்டு, "படம் சரிடா தம்பி. வண்டிக்காரர்கிட்ட மொதல்ல இன்னா கேப்ப?" என்றார். புத்தகத்தில் அந்தக் கேள்வி இல்லை.

அவர் கேட்பது ஒன்றுதான்: "எப்ப சூடாகுது?"

வண்டி நிற்கும்போதும் ஊர்ந்து போகும்போதும் மட்டும் முள் மேலே ஏறுகிறது, ஓட விட்டால் இறங்கிவிடுகிறது என்றால் ஃபேனைப் பார்க்க வேண்டும். காற்றை ஓட்டம் கொடுக்கிறது, நின்றால் ஃபேன்தான் கொடுக்க வேண்டும். வீராம்பட்டினம் செங்கழுநீர் அம்மன் ஆடித் தேருக்குக் கூட்டம் சேரும்போது வண்டிகள் ஊர்ந்துதான் போகும். ஃபேன் மோட்டார் செத்துப் போனதே பல பேருக்கு அன்றைக்குத்தான் தெரியவரும். மாறாக, விழுப்புரம் சாலையில் அழுத்தி ஓட்டும்போது சூடாகிறது என்றால் உள்ளே தண்ணீர் ஓடவில்லை. ரேடியேட்டர் குழாய் அடைத்திருக்கலாம், வால்வ் முழுதாகத் திறக்காமல் இருக்கலாம், பம்ப் இறக்கை தேய்ந்திருக்கலாம். ஸ்பானரை எடுக்கும் முன்பே பாதி வேலை இந்த ஒரு பதிலில் முடிந்துவிடும்.

அடுத்தது மூடி. ரேடியேட்டர் மூடியைச் சாதாரண மூடி என்றே நினைக்கிறார்கள். அதன் தலையில் 0.9 என்றோ 1.1 என்றோ எண் போட்டிருக்கும். அது தாங்கும் அழுத்தம், பார் கணக்கில். 0.9 பார் அழுத்தத்தில் அடைத்து வைத்தால் வெறும் தண்ணீர்கூட நூறு டிகிரியில் கொதிக்காது, ஏறக்குறைய 118 வரை தாங்கும். மூடியின் ரப்பர் வாஷர் இறுகி வெடித்துவிட்டால் அழுத்தம் நிற்காது, தண்ணீர் சீக்கிரமே கொதித்து வெளியேறிவிடும். மூடிக்கு அடியில் சின்னதாக இன்னொரு வால்வ் உண்டு. இன்ஜின் ஆறும்போது ரிசர்வ் டப்பாவிலிருந்து தண்ணீரைத் திரும்ப உள்ளே விடுவது அதுதான். அது ஒட்டிக்கொண்டால், ராத்திரி நிறுத்திய வண்டியில் காலையில் மேல் ஹோஸ் சப்பையாகிக் கிடக்கும். ரேடியேட்டரையே மாற்றச் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள் என்று ஒருவர் கார் கொண்டுவந்தார். மேஸ்திரி மூடியைத் திருப்பி வாஷரை நகத்தால் அழுத்தினார், பொடிந்து உதிர்ந்தது. புது மூடி போட்டு அனுப்பினோம். சில நூறு ரூபாயோடு முடிந்தது.

மூடியைத் திறந்து வைத்து, ஆறிய இன்ஜினை ஸ்டார்ட் செய்து, கழுத்தில் குமிழி வருகிறதா என்றும் பார்ப்பார். விடாமல் குமிழி வந்து, அதில் புகை வாசனையும் அடித்தால், கோளாறு ரேடியேட்டரில் இல்லை, ஹெட் கேஸ்கெட் போயிருக்கிறது. ஆயில் குச்சியில் பால் நிறம் தெரிந்தால் அது இன்னும் உறுதி. இவ்வளவையும் தாண்டிய பிறகுதான் கழற்றுவது.

கழற்றுவதற்கு நிதானம் போதும். இன்ஜின் முழுக்க ஆறியிருக்க வேண்டும். பேட்டரி நெகட்டிவ் ஒயரை முதலில் எடுக்க வேண்டும். சாவியை எடுத்த பிறகும் சில கார்களில் ஃபேன் தானாகச் சுற்றும், விரல் போய்விடும். அடியில் தட்டு வைத்து வடி குழாயைக் கையால் மட்டும் திருப்ப வேண்டும், பிளாஸ்டிக் திருகுக்குக் கட்டிங் பிளையர் ஆகாது. வடிகிற கூலண்டைத் தரையில் விடக் கூடாது என்பதில் மேஸ்திரி கறார். அது தித்திப்பாக இருக்கும், நாயும் பூனையும் நக்கும், நக்கினால் சிறுநீரகம் போய்ச் சாகும். ஹோஸ் ஒட்டியிருந்தால் ஸ்க்ரூ டிரைவர் விட்டு நெம்பாமல் முறுக்கிப் பார்க்க வேண்டும். அப்படியும் வராவிட்டால் பிளேடால் நீளவாக்கில் கீறி எடுத்துவிட வேண்டும். ஹோஸ் போனால் ஹோஸ் வாங்கலாம், கழுத்து உடைந்தால் ரேடியேட்டரே வாங்க வேண்டும். முன்னால் நிற்கும் ஏசி கண்டன்சரைத் தொடாமல், நடுவே ஓர் அட்டையைச் செருகிவிட்டு, நேராக மேலே தூக்கினால் வந்துவிடும். கீழே இரண்டு ரப்பர் புஷ் கூடவே ஒட்டிக்கொண்டு வந்திருக்கும். அதைக் கவனிக்காமல் தொலைப்பவர்கள் நிறைய பேர். புஷ் இல்லாமல் உட்கார்ந்த ரேடியேட்டர் ஆடி ஆடியே விரிசல் விடும்.

வெளியே எடுத்த ரேடியேட்டரைக் கண் முதலில் படிக்க வேண்டும். காய்ந்த கறை எங்கே இருக்கிறதோ அங்கேதான் ஒழுக்கு. பச்சைக் கூலண்ட் பச்சையாகக் காயும், போர் தண்ணீர் வெள்ளையாகக் காயும். இன்றைய கார் ரேடியேட்டர் நடுவில் அலுமினியம், மேலும் கீழும் அல்லது இரு பக்கமும் பிளாஸ்டிக் டேங்க். இரண்டையும் ரப்பர் வாஷர் வைத்து அலுமினியப் பல்லை மடக்கிப் பிடித்திருப்பார்கள். வயதானால் அந்த மடிப்போரம் கசியும். கடலோர வண்டிகளில் நடுவில் உள்ள துடுப்புத் தகடு விரல் பட்டாலே மாவாக உதிரும். அப்படி உதிர்ந்ததைப் பழுது பார்க்கிறேன் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். குழாய்க்கும் காற்றுக்கும் நடுவே சூட்டைக் கடத்துவது அந்தத் தகடுதான். அது போன பிறகு ஒழுகாத ரேடியேட்டரும் வெறும் தண்ணீர்ப் பெட்டிதான்.

கண்ணுக்குத் தெரியாத ஓட்டைக்குத் தொட்டி. பட்டறை பின்பக்கம் சிமெண்ட் தொட்டி ஒன்று உண்டு. ரேடியேட்டரின் வாய்களை ரப்பர் அடைத்து, ஒன்றில் மட்டும் காற்றுக் குழாய் பொருத்தி, மூடியில் எழுதிய அளவு அழுத்தம் கொடுத்து முக்குவோம். முக்கியவுடன் எங்கும் குமிழி கிளம்பும். அது தகடுகளுக்கு நடுவே சிக்கிய வெளிக்காற்று. ரேடியேட்டரை லேசாக ஆட்டிவிட்டுக் காத்திருக்க வேண்டும். தண்ணீர் அடங்கிய பிறகு, ஒரே இடத்திலிருந்து, ஒரே சீராக, ஊசிமுனை அளவில் வரிசை கட்டி மேலே வரும் குமிழிதான் ஒழுக்கு. அந்த இடத்தில் சாக்பீஸ் நிற்காது, ஈரம். மேஸ்திரி ஈர்க்குச்சி செருகி அடையாளம் வைப்பார். இரண்டாவது ஓட்டை முதல் ஓட்டைக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் என்பதால், குச்சி செருகிய பிறகும் திருப்பித் திருப்பி நான்கு பக்கமும் பார்ப்போம்.

பித்தளை, செம்பு ரேடியேட்டர் வந்தால் மேஸ்திரி முகம் மாறிவிடும். அம்பாசிடர், பழைய ஜீப், பழைய டிராக்டர் இவற்றில்தான் இப்போது அது மிச்சம். அம்பாசிடர் உற்பத்தி 2014இல் நின்றுபோனது, ஆனாலும் பராமரித்து ஓட்டுபவர்கள் இருக்கிறார்கள். பாகூரிலிருந்து வந்த டிராக்டர் ஒன்றின் ரேடியேட்டரில்தான் நான் முழு வேலையும் பார்த்தேன். அறுவடை முடிந்த சமயம். முன்பக்கம் தகடே தெரியாத அளவுக்குப் பதரும் வைக்கோல் தூசும் அப்பியிருந்தது. அதை முன்னாலிருந்து தண்ணீர் அடித்துக் கழுவினால் இன்னும் உள்ளே போய் இறுகும். இன்ஜின் பக்கத்திலிருந்து வெளியே பார்த்து அடிக்க வேண்டும், அதுவும் மெதுவாக. சர்வீஸ் ஸ்டேஷன் வேகத்தில் அடித்தால் தகடு படுத்துவிடும்.

பிறகு மேல் டேங்கின் பற்றைச் சூடு காட்டி இளக்கிக் கழற்றினார். ஈயமும் வெள்ளீயமும் கலந்த பற்று 183 டிகிரியில் இளகத் தொடங்கும், பித்தளைக்கு ஒன்றும் ஆகாது. உள்ளே குழாய் வாய்கள் பாதிக்கு மேல் மூடிக் கிடந்தன. வெந்நீர் அண்டாவின் அடியில் படியும் அதே வெள்ளைப் பொருக்கு, துருவோடு சேர்ந்து பழுப்பாகியிருந்தது. ஒவ்வொரு குழாயிலும் தட்டையான இரும்புப் பட்டையை விட்டு இறக்க வேண்டும். வேகமாகக் குத்தினால் குழாய் கிழியும். எந்தக் குழாய் வழிவிடுகிறது, எது முரண்டு பிடிக்கிறது என்று கைக்குத்தான் தெரியும். அந்த வேலை எனக்குப் பிடித்துப் போனது. பக்கத்துக் கடை ரேடியோ ஓடிக்கொண்டிருக்கும், நான் பாட்டுக்குக் குழாய் குழாயாக இறக்கிக்கொண்டிருப்பேன்.

திரும்பப் பற்ற வைக்க ஆசிட் வேண்டும். ஆசிட்டை அப்படியே தொடக் கூடாது. துத்தநாகத் துண்டு போட்டால் பொங்கிக் கொதிக்கும். பொங்கி அடங்கி, துண்டு மேற்கொண்டு கரையாமல் கிடந்தால் தயார். திறந்த வெளியில்தான் செய்ய வேண்டும், அப்போது வரும் வாயுவுக்கு நெருப்புப் பிடிக்கும். பற்றுக்கோலின் முனையை நவச்சாரக் கட்டியில் தேய்த்துப் பளபளப்பாக்கி, ஓரத்தைச் சுரண்டி, ஆசிட் தடவி, ஈயக் கம்பியை வைத்தால் அது தானாக இடுக்குக்குள் ஓடும். ஓடாமல் உருண்டையாக நின்றால் இடம் சுத்தமில்லை என்று அர்த்தம். அதன் மேல் இன்னும் ஈயம் அள்ளி வைப்பவர்கள் பட்டறைக்கு ஒருவராவது இருப்பார்கள். அந்தப் பற்று ஒரு மாதம்கூட நிற்காது.

இந்தத் தகடும் குழாயும் எப்போது வந்தது என்று ஒரு நாள் தேடிப் படித்தேன். 1900இல் டைம்லர் நிறுவனத்தின் வில்ஹெல்ம் மேபாக் முதல் மெர்சிடிஸ் காருக்குத் தேன்கூடு போல ரேடியேட்டர் வடிவமைத்தார். 8,070 சின்னக் குழாய்கள். காற்றுப் படும் பரப்பு கூடியதால் 9 லிட்டர் தண்ணீரே போதுமாக இருந்தது. மேஸ்திரியிடம் சொன்னேன். "எட்டாயிரம் பத்தா? எவன்டா பத்த வச்சான்?" என்றார். அவருக்கு வடிவமைத்தவரை விடப் பற்ற வைத்தவர் மேல்தான் மரியாதை.

திரும்ப மாட்டுவது கழற்றியதன் தலைகீழ்தான். ஆனால் தண்ணீர் ஊற்றும் இடத்தில் அவசரம் கூடாது. வேகமாக ஊற்றினால் காற்று உள்ளே மாட்டிக்கொள்ளும். முள் நடுவில் நிற்பது போலத் தெரியும், உள்ளே ஹெட் வெந்துகொண்டிருக்கும். காற்றுத் திருகு இருந்தால் திறந்து வைத்து, கூலண்டை மெல்லிசாக ஊற்றி, மூடி போடாமல் இன்ஜினை ஓட விட வேண்டும். மேஸ்திரி ஒரு கையை மேல் ஹோஸிலும் இன்னொன்றைக் கீழ் ஹோஸிலும் வைக்கச் சொல்வார். மேல் ஹோஸ் முதலில் சுடும். கீழ் ஹோஸ் வெகுநேரம் சில்லென்றே இருக்கும். சட்டென்று அதுவும் வெதுவெதுப்பாகும்போது வால்வ் திறந்துவிட்டது. கழுத்தில் மட்டம் ஒரு முறை குபுக்கென்று இறங்கும்; அதை நிரப்பி மூட வேண்டும். ஃபேன் தானாக ஓடி, தானாக நின்ற பிறகுதான் சாவியை எடுப்பது. மறுநாள் காலை ஆறிய வண்டியில் மட்டம் பார்க்காமல் எந்த வண்டியையும் நாங்கள் அனுப்பியதில்லை.

வண்டி வைத்திருப்பவர்களுக்குச் சொல்ல மூன்று உண்டு. வழியில் சூடானால் மூடியைத் திறக்காதீர்கள், ஓரமாக நிறுத்திக் காத்திருங்கள். வேறு வழியில்லாமல் போர் தண்ணீர் ஊற்றியிருந்தால், ஊர் வந்ததும் வடித்துவிட்டு டிஸ்டில்டு வாட்டர் கலந்த கூலண்ட் ஊற்றச் சொல்லுங்கள். வீட்டில் பழைய செம்பு ரேடியேட்டர் கிடந்தால் எடைக்குப் போடும் முன் ஈயம் வைக்கத் தெரிந்த ஒருவரிடம் ஒரு தடவை காட்டுங்கள். அலுமினியம் வந்த பிறகு அந்த வேலை தெரிந்தவர்கள் இந்தச் சாலையில் குறைந்துகொண்டே வருகிறார்கள், ஆனால் இன்னும் இருக்கிறார்கள்.