ஆற அமர

சனிக்கிழமைகளில் பாடசாலை இல்லை. மாணவரின் கொப்பிகளைத் திருத்தி முடித்த பின், நண்பகல் சாயும் வேளையில், வீட்டிலிருந்து பத்து நிமிட நடைத்தூரத்தில் உள்ள ஒரு சாப்பாட்டுக் கடைக்குச் செல்வது சில மாதங்களாக என் வழக்கமாகியிருக்கிறது. முல்லைத்தீவு நகரின் பக்கத் தெருவொன்றில், தகரக் கூரையும் கிடுகு அடைப்புமாக அமைந்த சிறு கடை அது. உள்ளே நான்கு மேசைகள். கடையை நடத்துவோர் பெண்கள் மூவர். அங்கே சென்று, காற்று வரும் பக்கமாக அமர்ந்து, ஒரு மணி நேரம் எடுத்துக்கொண்டு மதிய உணவை உண்டு வருகிறேன்.

இதில் எழுதுவதற்கு என்ன இருக்கிறது என்று வாசகர் கேட்கக்கூடும். பசித்தவர் உண்பது உலக வழக்குத்தானே? ஆயினும் முப்பது வயதைக் கடந்த ஓர் ஆசிரியை, துணையின்றித் தனியே, ஊரறிய ஒரு கடையில் அமர்ந்து நிதானமாக உண்பது எங்கள் ஊரில் இன்றும் சற்றே உற்றுப் பார்க்கப்படும் செயல்தான். "ஏன் பிள்ளை, வீட்டில அடுப்பு எரியேல்லையோ?" என்று உறவுக்கார மாமி ஒருவர் கேட்டேவிட்டார். கடை ஆண்களின் இடம், அடுக்களை பெண்ணின் இடம் என்ற எண்ணம் அத்தனை ஆழமாக வேரோடியிருக்கிறது.

அந்த எண்ணத்தை அசைத்ததில் 'அம்மாச்சி' உணவகங்களுக்குப் பெரும் பங்குண்டு. விவசாயத் திணைக்களத்தின் முயற்சியாகத் தென்னிலங்கையில் 'ஹெல போஜுன்' என்ற பெயரில் தொடங்கிய திட்டம், வடமாகாணத்தில் 'அம்மாச்சி' என்ற இனிய பெயரைப் பூண்டது. பெண்களே சமைத்து, பெண்களே விற்று, வருவாயையும் பெண்களே பெறும் ஏற்பாடு அது. உண்ண வருவோரின் கண்ணெதிரே சுடச்சுடச் செய்து கொடுப்பார்கள். போரிலே கணவரை இழந்தவர்களும், காணாமல் ஆக்கப்பட்டவர்களின் வரவை இன்னும் எதிர்பார்த்திருப்பவர்களும் குடும்பத்தைத் தனியே சுமக்கும் வன்னி மண்ணில் இதன் பொருள் பெரிது. அந்த வழியைப் பார்த்துத் தம் சொந்த முயற்சியில் கடை திறந்த பெண்களும் உண்டு. நான் செல்லும் கடை அவர்களுடையது. அங்கே ஒரு பெண் தனியே அமர்ந்து உண்பதை எவரும் விசித்திரமாகப் பார்ப்பதில்லை.

சென்ற மாதத்து ஒரு சனிக்கிழமையைச் சொல்கிறேன். முத்தையன்கட்டுக் குளத்து நீரில் விளைந்த சிவப்பரிசிச் சோறு. அதனருகே பருப்பு, முருங்கையிலை வறை, பூசணிக்காய்க் கறி, நந்திக்கடல் இறாலில் வைத்த குழம்பு, ஒரு கிண்ணம் சொதி. முடிவில் எருமைத் தயிரும் பனங்கட்டியும். ஒவ்வொரு பிடியையும் பிசைந்து, மென்று, தெருவில் மீன்காரரின் சைக்கிள் போவதைப் பார்த்து, மீண்டும் ஒரு பிடி எடுத்தேன்.

"இன்னும் கொஞ்சம் சோறு போடட்டோ, ரீச்சர்?"

"போதும் அக்கா, குழம்பு மட்டும் விடுங்கோ."

'ஆற அமர' என்று தமிழில் ஓர் அழகிய தொடர் உண்டு. சோற்றின் சூடு ஆறவேண்டும், மனம் ஆறவேண்டும், உடல் ஓரிடத்தில் அமரவேண்டும். இம்மூன்றும் எல்லோருக்கும் எப்பொழுதும் கிடைத்துவிடுவதில்லை என்பதை என் பத்தொன்பதாவது வயதில் நான் அறிந்துகொண்டேன்.

2009ஆம் ஆண்டில் நாங்கள் முள்ளிவாய்க்காலில் கஞ்சிக்கு வரிசையில் நின்றோம். அரிசியும் நீரும் உப்பும், அவ்வளவே. நின்றபடி குடித்தோம், பதுங்குகுழிக்குள் குனிந்தபடி குடித்தோம். கஞ்சி ஆறும்வரை காத்திருக்க எவருக்கும் துணிவில்லை. வாய் வெந்தாலும் விழுங்கினோம். அப்பகுதியில் இருப்போர் ஏறத்தாழ 70,000 பேர் என்று அவ்வாண்டு பெப்ரவரியில் அரசு கணக்குச் சொன்னது. இறுதியில் உயிர் தப்பி முகாம்களை அடைந்தோரோ ஏறத்தாழ 290,000 பேர். மக்களைக் குறைத்து எண்ணியதனால் அவர்களுக்குரிய உணவும் குறைந்தது என்பதை, ஐக்கிய நாடுகள் செயலாளர் நாயகம் நியமித்த நிபுணர் குழு தன் 2011ஆம் ஆண்டு அறிக்கையில் எடுத்துக்காட்டியது. 2009 ஏப்ரல் 8ஆம் திகதி அம்பலவன்பொக்கணையில் பால்மாவுக்கு வரிசையில் நின்ற தாய்மாரும் குழந்தைகளும் எறிகணை வீச்சில் மாண்டதையும் அவ்வறிக்கை பதிவு செய்திருக்கிறது. இறந்த தாய்மாரில் சிலர் தம் பிள்ளைகளின் பால்மா அட்டையைக் கையில் பற்றியபடியே கிடந்தனர்.

அந்தக் கஞ்சியை இப்பொழுது ஒவ்வொரு மே மாதத்திலும் காய்ச்சிப் பகிர்ந்து நினைவு கூர்கிறோம். 2024 மே மாதத்தில் திருகோணமலை மாவட்டத்துச் சம்பூரில் அதனை வழங்கியமைக்காகப் பெண்கள் கைது செய்யப்பட்டனர். கஞ்சி குடிப்பதற்கும் அமைதி வேண்டியிருக்கிறது. குடித்ததை நினைப்பதற்கும் அமைதி வேண்டியிருக்கிறது.

முள்ளிவாய்க்காலுக்குப் பின் செட்டிகுளத்து மெனிக்பாம் முகாமிலும் வரிசைதான். அம்முகாம் 2012 செப்ரெம்பரில் மூடப்பட்டது. ஆனால் அவசரமாக விழுங்கும் பழக்கம் என்னை விட்டு நீங்கவில்லை. பல்கலைக்கழக விடுதியில் தோழியர் நான்கு பிடி உண்பதற்குள் என் கோப்பை வெறுமையாகிவிடும். "உன்னை ஆர் கலைக்கினம்?" என்று கேட்டுச் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். நிதானமாக உண்பதை இக்கடையில்தான் நான் புதிதாகக் கற்றுக்கொண்டேன் என்றால் மிகையன்று.

ஆனால் போர் ஒன்றே எங்கள் மக்களை நின்றபடி உண்ண வைத்தது என்று கூறினால் அது முழு உண்மையாகாது. போரில்லாக் காலத்திலும் நம்மவரே நம்மவரை அமரவிடவில்லை. யாழ்ப்பாணத்துப் பள்ளிக்கூடங்களில் ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகள் வாங்கில் இருக்க அனுமதியின்றி நிலத்தில் இருத்தப்பட்டனர். 1930ஆம் ஆண்டை ஒட்டி, உதவி பெறும் பாடசாலைகளில் எல்லாப் பிள்ளைகளுக்கும் சம ஆசனம் வழங்கவேண்டும் என்ற பணிப்பு வந்தபோது உயர்சாதியார் பலர் அதனை மூர்க்கமாக எதிர்த்தனர். அதன்பின் ஒரு தலைமுறை கடந்தும் தேநீர்க்கடைகளில் ஒடுக்கப்பட்டோர் வெளியே நின்று குடிக்கவேண்டியிருந்தது. 1966 ஒக்டோபர் 21ஆம் திகதி சுன்னாகத்தில் எழுந்த எழுச்சியும், அதனைத் தொடர்ந்த தேநீர்க்கடைப் பிரவேசப் போராட்டங்களும் அந்த வழக்கத்தை உடைத்தன. ஒரு வாங்கில் அமர்ந்து ஒரு கோப்பைத் தேநீர் அருந்தும் உரிமைக்காக மனிதர் அடிபட்டனர். அவ்வியக்கத்தில் உயிரையும் கொடுத்தனர். நான் இன்று இழுத்துப் போட்டு அமரும் கதிரைக்கும் அந்த வரலாற்றில் ஒரு பங்குண்டு.

அமர்ந்து உண்பதன் அருமையை அறிந்த நாடு என்று பிரான்சைச் சொல்வார்கள். என் சின்னம்மாவின் மகன் பாரிசில் ஒரு 'பிஸ்திரோ'வின் சமையலறையில் வேலை செய்கிறான். அக்கம்பக்கத்தார் நடந்து வந்து உண்டு செல்லும் சிறு உணவகத்தை அங்கே அவ்வாறு அழைக்கிறார்கள். அந்தச் சனிக்கிழமை நான் தயிருக்கு வந்த நேரத்தில் அவனுடைய தொலைபேசி அழைப்பு வந்தது. என் கடையைப் பற்றிச் சொன்னேன். அவன் தன் கடையைப் பற்றிச் சொன்னான்.

"இஞ்சயும் சனம் மத்தியானத்தில ஒரு மணித்தியாலத்துக்கு மேல இருந்து சாப்பிடும், அக்கா. முதல் ஒரு கோப்பை, பிறகு இன்னொரு கோப்பை, கடைசியில இனிப்பு, கோப்பி. எழும்பவே மாட்டினம்."

"நீ எப்ப தம்பி சாப்பிடுறனி?"

"சனம் வாறதுக்கு முன்னம். பத்து நிமிசத்தில, நிண்டபடி."

பிரெஞ்சு மக்களின் அந்த ஓய்வு வானத்திலிருந்து விழுந்ததன்று. 1936ஆம் ஆண்டின் மாபெரும் வேலைநிறுத்தங்களின் பயனாக மக்கள் முன்னணி அரசு வாரத்துக்கு 40 மணி நேர வேலையையும், சம்பளத்துடன் கூடிய இரு வார விடுமுறையையும் சட்டமாக்கியது. தொழிலாளர் வேலை செய்யும் இடத்திலேயே உணவு உண்ண விடுவதை அந்நாட்டுத் தொழிற்சட்டக் கோவை தடை செய்கிறது. கொரோனாத் தொற்றுக் காரணமாக 2021இல் அவ்விதியைத் தற்காலிகமாகத் தளர்த்த வேண்டியிருந்தது. அதுவே அங்கு ஒரு செய்தியாயிற்று. உழைக்கும் மக்கள் போராடிப் பெற்ற அருமையான உரிமை இது. ஆயினும் அந்த ஓய்வான மதிய உணவின் பின்கட்டில் பாத்திரம் கழுவுவோரிலும் காய் நறுக்குவோரிலும் எங்கள் ஊர்ப் பிள்ளைகள் எத்தனையோ பேர். முன்கட்டின் ஓய்வு பின்கட்டுக்கு இன்னும் போய்ச் சேரவில்லை.

இவ்வாறு பாரிசைக் குறை கூறிக்கொண்டே தலையை நிமிர்த்தியபோது, என் கடையின் பின்கட்டு கண்ணிற் பட்டது. எனக்குச் சோறு பரிமாறிய அக்கா, அடுப்பருகே தட்டொன்றின் மேல் கோப்பையை வைத்து, ஒரு பிடி உண்பதும், அடுத்தவருக்குக் கறி அள்ளிக் கொடுப்பதும், மீண்டும் ஒரு பிடி உண்பதுமாக நின்றார். விடியுமுன் நான்கு மணிக்கு வந்தவர். நேரம் இரண்டரை ஆகிவிட்டது.

"இருந்து சாப்பிடுங்கோவன், அக்கா."

"இருந்தால் எழும்ப மனம் வராது, ரீச்சர். பழகிப் போச்சு."

இங்கே அவரை நிற்கச் சொன்ன முதலாளி எவருமில்லை, கடை அவருடையதே. ஆனால் முதலாளி இல்லாத கடையிலும் பழைய வழக்கம் முதலாளியாக நிற்கிறது. வீட்டில் எல்லோரும் உண்ட பின் மிஞ்சியதை நின்றபடி உண்ட தாயின் மகள் அவர். அதன்மேல் விலைவாசி வேறு. 2022 செப்ரெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி உணவுப் பணவீக்கம் 94.9 வீதத்தைத் தொட்டது. அன்று ஏறிய விலைகள் பழைய நிலைக்கு மீளவில்லை. மூவரில் ஒருவர் அரை மணி நேரம் அமர்ந்தால் அந்த நேரத்தின் வரும்படி குறையும் என்பது அவர்களுடைய கணக்கு. அந்தக் கணக்கைத் தவறென்று சொல்ல, மாதச் சம்பளம் பெறும் எனக்கு என்ன தகுதி?

ஆயினும் வழக்கம் மாறாத ஒன்றன்று. நாள் முழுதும் நிற்கவைக்கப்பட்ட துணிக்கடைப் பெண்கள் போராடியதனால் கேரளத்தில் 2018இலும், பின்னர் தமிழ்நாட்டில் 2021இலும், கடை ஊழியருக்கு இருக்கை வழங்கவேண்டும் என்று சட்டம் திருத்தப்பட்டது. உட்காரும் உரிமை என்றே அதற்குப் பெயர். மனிதர் உட்காருவதற்கும் ஒரு சட்டம் வேண்டியிருக்கிறது என்பது வெட்கத்துக்குரியது. அச்சட்டத்தைப் பெண்களே வென்றெடுத்தனர் என்பது பெருமைக்குரியது. ஆனால் சொந்தத் தொழில் செய்யும் பெண்ணுக்கு எந்தச் சட்டம் கதிரை கொண்டுவந்து போடும்? அங்கே உண்ணச் செல்லும் நாம்தான் அதைப் பற்றிச் சிந்திக்கவேண்டும்.

அடுத்த சனிக்கிழமை, வீட்டில் சும்மா கிடந்த சிறு வாங்கு ஒன்றை முச்சக்கர வண்டியில் ஏற்றிக்கொண்டு போனேன். மூவரும் சிரித்தார்கள். அடுப்புக்குப் பின்னே அதை இட்டு, உடனே அதன்மேல் வெங்காயக் கூடையை ஏற்றி வைத்தார்கள். நான் ஒன்றும் சொல்லவில்லை. வழக்கம்போல் உண்ணத் தொடங்கினேன். இரண்டு மணி கடந்து கூட்டம் குறைந்ததும் எழுந்து சென்று கூடையை இறக்கி நிலத்தில் வைத்தேன்.

"என்ர சாப்பாடு முடிய இன்னும் நேரமிருக்கு, அக்கா. எனக்கு இனி ஒண்டும் வேண்டாம். நீங்கள் இருங்கோ."

அவர் மற்ற இருவரையும் பார்த்தார். பின்பு கையைச் சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு, வாங்கின் ஓரத்தில், எந்நேரமும் எழுந்துவிடுவார்போல் அமர்ந்தார். முதல் சில பிடிகளை அவசரமாக உண்டார். பிறகு கை மெல்ல நிதானத்துக்கு வந்தது.

மூவரில் ஒருவர் அன்று இருந்து சாப்பிட்டார். மற்ற இருவருக்கும், பாரிசில் நிற்கும் என் தம்பிக்கும் அந்த நேரம் வாய்க்கும்வரை, நான் ஆற அமர உண்டேன் என்று முழு மனத்தோடு சொல்லிக்கொள்ள என்னால் இயலாது.