வைகையின் விருந்தாளிகள்

வருஷநாட்டு மலைக்காடுகளில் பிறந்து, தேனி, திண்டுக்கல், மதுரை, சிவகங்கை, இராமநாதபுரம் என்னும் ஐந்து மாவட்டங்களைத் தொட்டு, ஏறத்தாழ 258 கிலோமீட்டர் நடந்து, கடலை எட்டியும் எட்டாமலும் ஓய்ந்துபோகிற வைகையைப் பற்றி எழுதப் புகுந்தவர்கள் ஒன்று அதன் புராணப் பெருமையைச் சொல்வார்கள், அல்லது அதன் வறட்சியைச் சொல்லி வருந்துவார்கள். அதன் கரையில் குடியிருக்கும் ஜனங்களுடைய அன்றாட வாழ்க்கையைப் பருவந்தோறும் வந்து கலைத்தும் வளப்படுத்தியும் செல்கிற வெளியூராரைப் பற்றி எழுதினவர் மிகச் சிலரே. மலையிலிருந்து கடல் வரையில் இவ்வாற்றின் கரையிலே விருந்தாளியைக் காணாத ஊர் அரிது. ஆனால் விருந்தாளியால் அடைந்த லாபமும் பட்ட சிரமமும் ஊருக்கு ஊர் வேறாக இருக்கின்றன. ஏன் அப்படி என்பதே என் விசாரம்.

கம்பம் பள்ளத்தாக்கிலிருந்தே தொடங்கலாம். 1895-ல் பென்னிகுயிக் கட்டி முடித்த பெரியாற்று அணையிலிருந்து மலையைக் குடைந்து கிழக்கே திருப்பப்பட்ட நீர் முல்லையாற்றின் வழியே இங்கே இறங்கி, பின்பு வைகையோடு கலக்கிறது. கார்த்திகை பிறந்துவிட்டால் தை மகரஜோதி முடியும் வரையில் சபரிமலைக்குச் செல்லும் வண்டிகள் இப்பள்ளத்தாக்கின் ஒரே பெருஞ்சாலையை நிரப்பிவிடும். திராட்சைத் தோட்டத்துக்குக் கூலிக்குப் போகிறவளும் பள்ளிக்கூடத்துப் பிள்ளையும் சாலையைக் கடக்கக் காத்துநிற்க, பழக்கடைக்காரரும் தங்கும் விடுதிக்காரரும் அந்த இரண்டு மாதத்து வரும்படியால் வருஷத்தை ஓட்டுவார்கள். சித்திரையில் வீரபாண்டிக் கௌமாரியம்மன் திருவிழாவுக்கு அக்கினிச் சட்டி ஏந்தி வருகிற கூட்டமோ வேறு ஜாதி. அது பெரும்பாலும் அக்கம்பக்கத்து ஊர்க் கூட்டம், உறவுக் கூட்டம். அது வருவதை ஒரு தொல்லை என்று வீரபாண்டியில் யாரும் சொல்லிக் கேட்க முடியாது.

ஆண்டிபட்டிக்கு அருகே 1959-ல் திறக்கப்பட்ட வைகை அணை, எழுபத்தோரடி நீரைத் தேக்கிக்கொண்டு நிற்கிறது. ஆற்றின் இரு கரையிலும் பூங்கா. விடுமுறை நாட்களில் பேருந்து பேருந்தாக ஜனங்கள். பொரித்த மீனின் வாசனை. நுழைவுச் சீட்டும் உண்டு, வேடிக்கையும் உண்டு. வந்தவருக்கும் ஊருக்கும் உள்ள சம்பந்தம் மீன் தட்டோடு முடிந்துவிடுகிறது. வடக்கே வத்தலக்குண்டிலிருந்து மலை ஏறும் கொடைக்கானல் சாலையில் இந்தச் சம்பந்தமின்மை முற்றிப்போய், உயர் நீதிமன்றமே தலையிட்டு 2024 மே 7 முதல் வெளியூர் வாகனங்களுக்கு இ-பாஸ் வேண்டும் என்று விதிக்கும்படி ஆயிற்று. உள்ளூர்வாசிகளுக்கு அதிலிருந்து விலக்குக் கிடைத்தது. தன் ஊருக்குள் தான் தடையின்றிப் போகலாம் என்பதையே ஒரு சலுகையாகப் பெறவேண்டிய நிலைக்கு மலைவாசி வந்துவிட்டான் என்பதை எண்ணிப் பார்த்தால், சுற்றுலாவின் சிறப்பைப் பேசுகிற பிரசுரங்களைச் சற்றே ஒதுக்கி வைக்கத் தோன்றும்.

பேரணையும் சோழவந்தானின் வெற்றிலைக் கொடிக்கால்களும் கடந்து தேனூரை அடைந்தால், இந்த விசாரத்தின் முடிச்சு அங்கே இருக்கிறது. கள்ளழகர் ஆற்றில் இறங்கும் உற்சவம் ஒரு காலத்தில் தேனூரில்தான் நடந்தது என்றும், திருமலை நாயக்கர் அதை மதுரைக்கு மாற்றி, மீனாட்சி திருக்கல்யாணத்தோடு சேர்த்துச் சித்திரையில் ஒரே பெருவிழாவாக அமைத்தார் என்றும் வரலாறு வழங்குகிறது. விழாவை இழந்த ஊருக்கு வெறும் சமாதானம் சொல்லி அனுப்பிவிடவில்லை. வண்டியூரை ஒட்டிய ஆற்றுக்குள்ளே தேனூரின் பெயராலேயே ஒரு மண்டபம் எழுந்தது. தவளையாகச் சபிக்கப்பட்ட மண்டூக முனிவருக்கு அழகர் மோட்சம் கொடுக்கும் அந்த முக்கியமான சடங்கு இன்றைக்கும் தேனூர் மண்டபத்தில்தான் நடைபெறுகிறது. நகரத்துக்கு லாபம் போகும்போது கிராமத்துக்கு ஓர் உரிமை மிஞ்சவேண்டும் என்ற ராஜதந்திரம் அதில் இருக்கிறது.

மதுரைக்குள் நெடுநேரம் தங்க வேண்டியதில்லை. அதைப் பற்றி எழுதாதவர் யார்? ஆயினும் இரண்டு செய்திகளைச் சொல்லாமல் போவதற்கில்லை. பாதுகாப்பைக் கருதிக் கோயிலைச் சுற்றியுள்ள சித்திரை வீதிகளில் வாகனங்கள் தடுக்கப்பட்டதால், வருகிறவர்கள் நிம்மதியாக நடக்கிறார்கள். அங்கே வீடும் கடையும் உடையவர்கள் மூட்டையைச் சுமந்து நடக்கிறார்கள். புதுமண்டபத்துத் தூண்களுக்கிடையே உட்கார்ந்து, அழகருக்கு நேர்ந்துகொண்டவர்களுக்குக் கருப்பசாமி வேஷத்து உடைகளைத் தைத்துக் கொடுத்துவந்த தையற்காரர்கள், மண்டபத்தைப் புதுப்பிக்கும் பொருட்டுக் குன்னத்தூர்ச் சத்திரத்துக்கு இடம் மாறியிருக்கிறார்கள். மண்டபத்தின் சிற்பங்களைக் காக்க வேண்டியதுதான். ஆனால் அந்தத் தையல் யந்திரங்களின் ஓசையும் மண்டபத்தின் சரித்திரத்தில் ஒரு பகுதிதான்.

1889-ல் திறக்கப்பட்ட ஆல்பர்ட் விக்டர் பாலத்தின் அருகே, ஆழ்வார்புரத்தில், சித்திரைப் பௌர்ணமியன்று விடியற்காலையில் தங்கக் குதிரையில் அழகர் ஆற்றில் இறங்குவதையும், அவர் உடுத்திவரும் பட்டின் நிறத்தைக் கொண்டு ஜனங்கள் அவ்வருஷத்தின் விளைச்சலைக் கணிப்பதையும் தமிழ்நாடு முழுதும் அறியும். அந்த ஒரு நாளைக்காக அணையில் நீர் திறந்துவிடுவதும், துருத்தியைத் தோளில் மாட்டியவர்கள் அழகர்மீது தண்ணீர் பீய்ச்சுவதும், சர்க்கரை நிரப்பிய செம்பின்மேல் சூடம் ஏற்றித் தாய்மார்கள் காத்துநிற்பதும் தொலைக்காட்சியில் எல்லாரும் காண்பவை. 2022 ஏப்ரல் 16 அன்று அந்த நெரிசலில் இருவர் உயிர்நீத்ததையும் மறப்பதற்கில்லை. ஆனால் அழகர் அன்று இரவு எங்கே தங்குகிறார் என்று கேட்டால் வெளியூரார் பலர் விழிப்பார்கள்.

வண்டியூரில் தங்குகிறார். அங்குள்ள வீரராகவப் பெருமாள் சந்நிதியில் எழுந்தருளுகிறார் என்பது கோயில் முறை. துலுக்க நாச்சியார் வீட்டுக்குப் போகிறார் என்பது ஜனங்களுடைய வழக்கு. இரண்டில் எது சரி என்று நான் தீர்ப்புச் சொல்லப் போவதில்லை. பெருமாளே இரண்டையும் மறுத்ததாகத் தெரியவில்லை. மறுநாள் சேஷ வாகனம், பிறகு தேனூர் மண்டபத்தில் கருட வாகனம் என்று விழாவின் மையம் ஒரு பகல் முழுதும் இவ்வூரிலேயே நிலைகொள்கிறது.

இதனால் வண்டியூர்வாசி படும் பாடு கொஞ்சமன்று. மதுரை மாநகராட்சியோடு சேர்ந்துபோன இந்தப் பழைய கிராமத்தின் தெருக்கள் மாட்டுவண்டிக்காக அமைந்தவை; அவற்றில் லட்சக்கணக்கில் ஜனம் புகும்போது பேருந்து நின்றுபோகும், ஆட்டோ நுழையாது, தினக்கூலிக்காரனுக்கு வேலைக்குப் போக வழியிராது. முன்காலத்தில் கூண்டு வண்டி கட்டிக்கொண்டு வந்த கிராமத்தார் ஆற்று மணலிலேயே தங்கி, ஊற்றுத் தோண்டி நீர் எடுத்து, சமைத்து உண்டு, மண்ணை மண்ணாகவே விட்டுச் சென்றார்கள். இன்று மணல் இல்லை. சாக்கடை கலந்த சேறும், கோரையும், ஆகாயத்தாமரையும் இருக்கும் ஆற்றில் தங்குவதற்கு இடமில்லாததால் அக்கூட்டமெல்லாம் தெருவுக்கும் திண்ணைக்கும் வந்துவிட்டது. தண்ணீருக்கும் ஒதுங்குவதற்கும் வீட்டுக் கதவுகளைத் தட்டுகிறது. அழகர் மலை திரும்பிய பின் ஆற்றிலும் தெருவிலும் கிடக்கும் நெகிழிக் குவளைகளையும் தொன்னைகளையும் பார்த்தால் வந்தது பக்தியா படையெடுப்பா என்று சந்தேகம் எழும்.

இத்தனையும் பட்டும், அழகர் வரவேண்டாம் என்று எந்த வண்டியூர்க்காரரும் சொல்லமாட்டார். தொற்றுநோயின் காரணமாக 2020-லும் 2021-லும் அழகர் ஆற்றுக்கு வராமற்போனபோது, தெரு அமைதியாக இருந்தது என்று மகிழ்ந்தவர்கள் இல்லை. வருஷமே பிறக்காததுபோல் இருந்தது என்றுதான் சொன்னார்கள். பக்தி ஒரு காரணம் என்பதில் ஐயமில்லை. ஆனால் பக்தி மட்டுமன்று. மண்டகப்படி என்னும் முறையும் ஒரு காரணம். அழகர்மலையிலிருந்து வண்டியூர் வரையில் அழகர் நின்று செல்லும் நூற்றுக்கணக்கான மண்டகப்படிகள் ஒவ்வொன்றும் ஏதோ ஒரு குடும்பத்துக்கோ, ஜாதியாருக்கோ, தொழிலாளர் கூட்டத்துக்கோ, தெருவுக்கோ உரியது. பந்தல் போடுவது, பானகமும் நீர்மோரும் கொடுப்பது, சுவாமியை எதிர்கொண்டழைப்பது, மரியாதை பெறுவது என எல்லாவற்றிலும் கடமையும் பாத்தியதையும் பிரிக்க முடியாமல் கலந்திருக்கின்றன. 1989-ல் வெளிவந்த ‘அழகர் கோயில்’ என்ற தம் ஆய்வு நூலில் பேராசிரியர் தொ. பரமசிவன், இந்த உற்சவத்தில் பல்வேறு ஜாதியாருக்கும் உள்ள பங்கை விரிவாக ஆராய்ந்திருக்கிறார். வருகிற கூட்டத்தின் நடுவே உள்ளூர்க்காரன் வழிவிட்டு ஒதுங்கி நிற்பவனாக இல்லாமல், விருந்து கொடுப்பவனாக நிற்கிறான். அந்த ஸ்தானமே அவன் பெற்ற சலுகைகளில் தலையாயது.

தென்கரையில், 1645-ல் திருமலை நாயக்கர் வெட்டிய மாரியம்மன் தெப்பக்குளத்தில் நிலைமை வேறு. பல்லாண்டுகள் வறண்டு கிடந்து பையன்களின் கிரிக்கெட் மைதானமாக இருந்த குளம், பனையூர்க் கால்வாயைச் சீர்ப்படுத்தி வைகை நீரை விட்டபின் நிரம்பிவிட்டது. தைப்பூசத்தில் தெப்பம் மிதக்கிறது; மாலைதோறும் படகும் பருத்திப்பாலும் ஜிகர்தண்டாவும் தேடி நகரமே திரண்டு வருகிறது. நிலத்தடி நீர் ஊறியதும், தள்ளுவண்டிக்காரருக்கு வியாபாரம் நடப்பதும் உண்மையான நன்மைகள். ஆனால் தைப்பூசத்தன்று வருகிற கூட்டத்துக்கு ஒரு முறை இருக்கிறது. மற்ற மாலைகளில் வருகிற கூட்டத்துக்கு ஒரு முறையும் இல்லை. தன் வீட்டு வாசலை மறித்து நிற்கும் காரின் சொந்தக்காரரைத் தேடி நான்கு கரையையும் சுற்றுகிற குடித்தனக்காரர் எதற்கு உபயதாரர்?

கிழக்கே நடந்தால் கீழடி. 2015-ல் அகழாய்வு தொடங்கியபோது அது தென்னந்தோப்பு. தோப்புக்காரர்கள் நிலத்தைத் தோண்ட இடம் கொடுத்திராவிட்டால் சங்ககாலச் செங்கற் சுவர்கள் மண்ணுக்குள்ளேயே கிடந்திருக்கும். 2023 மார்ச்சில் செட்டிநாட்டுப் பாணியில் அருங்காட்சியகம் திறந்த பிறகு, பள்ளிப் பிள்ளைகளும் வெளிநாட்டுத் தமிழரும் நாள்தோறும் வருகிறார்கள். சாலை வந்தது, இளநீர்க் கடை வந்தது. தோப்பைக் கொடுத்தவர் வீட்டுக்கு அந்த வரலாற்றில் ஒரு மண்டகப்படி உண்டா என்பதை அரசு யோசிக்க வேண்டும்.

மானாமதுரையில் வீர அழகரும், பரமக்குடியில் சுந்தரராஜப் பெருமாளும் இதே சித்திரையில் இதே வைகையில் இறங்குகிறார்கள். அணையில் திறந்த நீர் அவ்வளவு தூரம் எட்டாத ஆண்டுகளில் அவர்கள் வெறும் மணலில் இறங்குவார்கள். காண வருகிறவர்கள் பெரும்பாலும் சுற்றுவட்டாரத்தாரே, ஆகையால் கடம் செய்யும் குயவரும் நெசவாளரும் உறவினருக்குச் சோறு போடுவதோடு விழா முடிந்துவிடும். அதற்கப்பால் ராமேசுவரத்துக்குப் பறக்கும் வண்டிகள் ஆற்றைப் பார்ப்பதுகூட இல்லை. இராமநாதபுரம் பெரிய கண்மாயில் வைகை அடங்கிவிடும். மிகுநீர் உண்டானால் மட்டும் ஆற்றங்கரை என்னும் கடலோர ஊரில் பாக் நீரிணையைச் சேரும்.

ஆகவே அதிகாரிகளுக்கு என் விண்ணப்பம் ஒன்றே. சித்திரையில் கடைகளுக்கும் வாகன நிறுத்தத்துக்கும் வசூலாகும் பணத்தில் ஒரு பங்கை வண்டியூர் ஆற்றங்கரையைத் துப்புரவாக்கவும், கழிப்பறை கட்டவும், குடிநீருக்கு வழிசெய்யவும் அவ்வூர்க்காரர் கையாலேயே செலவிடும்படி எழுத்தில் உரிமையாக்குங்கள். அடுத்த சித்திரைக்கு இன்னும் நாள் இருக்கிறது.