சொல்லிவிட்டு மாறும் தரவு

தேடலுக்கு ஒரு கடை கிடைத்தால் சர்வர் ஆப்ஜெக்டாக அனுப்பும். இரண்டு கிடைத்தால் பட்டியலாக அனுப்பும். மொபைல் ஆப் எழுதுகிற பலரும் இப்படிப்பட்ட ஜேசனோடு மல்லுக்கட்டியிருப்போம். அனுப்பியவரைக் கோபித்துக்கொள்வதைவிடக் காரணத்தைத் தேடிப் போவதே எனக்குப் பிடிக்கும். உதாரணத்துக்கு, பிஎச்பியில் 0 முதல் வரிசையாக எண்ணிட்ட அரே, ஜேசனாகும்போது பட்டியலாகும். நடுவில் ஒன்றை நீக்கிவிட்டால் அதே அரே ஆப்ஜெக்டாகிவிடும். அந்த மொழிக்கு இரண்டும் ஒன்றுதான். ஸ்விஃப்ட்டுக்கு அப்படியல்ல. பட்டியலில் ஒரே ஒரு கடையின் விவரம் பிசகியிருந்தாலும் அதன் டீகோடர் பட்டியல் முழுவதையும் மறுத்துவிடும்.

வடிவம் மாறுவதை நான் குறையாக நினைப்பதில்லை. சொல்லாமல் மாறுவதுதான் குறை. 2016-ல் ஆர்எஃப்சி 7946 ஆக வெளிவந்த ஜியோஜேசனைப் படிக்கும்போதெல்லாம் எழுதியவர்கள்மேல் மரியாதை கூடுகிறது. புள்ளி என்றால் வெறும் எண்கள், முதலில் தீர்க்கரேகை, பிறகு அட்சரேகை. கோடு என்றால் அந்தப் புள்ளிகளின் பட்டியல். பலகோணம் என்றால் பட்டியலுக்குள் இன்னொரு பட்டியல். மூன்றுக்கும் சாவி ஒன்றே: ‘கோஆர்டினேட்ஸ்’. எது வந்திருக்கிறது என்பதைப் பக்கத்திலுள்ள ‘டைப்’ சொல்லிவிடுகிறது. ஆனால் ஜேசன் ஆப்ஜெக்டில் சாவிகளின் வரிசையை நம்பக் கூடாது. ‘டைப்’ கடைசியிலும் வரலாம். வர வரப் படிக்கும் பார்சர் எழுதுபவர், எண்களை எடுத்து வைத்துக்கொண்டு காத்திருக்கத்தான் வேண்டும்.

இணையதளத்தில் பிழை என்றால் அன்றைக்கே திருத்திவிடலாம். ஆப்போ, அப்டேட் செய்யாத போன்களில் பழைய பதிப்பாகவே ஓடிக்கொண்டிருக்கும். ஆகவே, நாளைக்குச் சேரப்போகும் ‘டைப்’ ஒன்றை இன்றைய ஆப் தாங்கியாக வேண்டும். தெரியாத உருப்படியை மட்டும் விட்டுவிட்டு மற்றதைக் காட்டட்டும். விட்டதை லாகில் பதியட்டும். தாங்குவது என்ற பெயரில் வராத விலைக்கு 0 போடுவதை மட்டும் என்னால் ஏற்க முடியாது. பார்ப்பவர் இலவசம் என்றுதானே நினைப்பார்?

‘நல்’ வந்திருப்பதும் சாவியே வராததும்கூட ஒன்றல்ல. ஆர்எஃப்சி 7396 சொல்லும் மெர்ஜ் பேட்ச் முறையில் ‘நல்’ என்றால் அழித்துவிடு. சாவி இல்லையென்றால் இருப்பதைத் தொடாதே. ஸ்விஃப்ட்டின் ‘டீகோட்இஃப்ப்ரெசென்ட்’ இரண்டுக்கும் ஒரே ‘நில்’லைத்தான் தரும். இப்படிப்பட்ட இடங்களில், சாவி இருக்கிறதா என்று ‘கன்டெய்ன்ஸ்’ கொண்டு முதலில் கேட்டுவிட்டுத்தான் மதிப்பைத் தொடுவேன்.